இரண்டு வருஷம் போதும் என்றவர்

காந்திபுரத்தில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறவர் கையில் புத்தகம் வைத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அண்ணாந்து பார்த்தால் போதும். மாடிக்கு மாடி பலகை; பலகைக்குப் பலகை படிப்பு. ஆங்கிலம் பேச ஒரு மாதம், கணக்கு எழுத மூன்று மாதம், வங்கித் தேர்வுக்கு ஆறு மாதம், நிர்வாகியாவதற்கு இரண்டு வருஷம். கிராஸ்கட் ரோட்டில் ஜவுளிக்கடைக்காரர் துணியை விரித்துக் காட்டுகிற மாதிரி இங்கே எதிர்காலத்தை விரித்துக் காட்டுகிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. துணி சாயம் போனால் கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடலாம். எதிர்காலம் சாயம் போனால் யாரிடம் போவது?

இந்தக் கேள்வியை நான் சும்மா கேட்கவில்லை. சில நாட்களுக்கு முன் அந்த டவுன் பஸ் நிலையத்தில் ஓர் இளைஞர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோளில் ஒரு பை, கையில் ரசீதுப் புத்தகம். வெயிலில் அலைந்த முகம். பேச்சுக் கொடுத்தேன்.

"என்ன வேலை தம்பி?"

"வசூலுங்கய்யா. கடன் தவணை கட்டாதவங்க வீட்டுக்குப் போய்க் கேக்கறதுங்க."

"என்ன படித்திருக்கிறீர்கள்?"

"எம்.பி.ஏ.ங்க. அய்யன் அன்னூருப் பக்கம் முக்கால் ஏக்கராவை வித்துத்தான் பீஸு கட்டுனாருங்க."

எந்தக் கல்லூரி என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அங்கே என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். அவர் சிறிது யோசித்தார்.

"லாபம்னா என்னன்னு எழுதச் சொன்னாங்க. எழுதினனுங்க. அறுபத்தெட்டு மார்க்குங்க."

"இந்த இரண்டு வருஷத்தில் எந்தக் கடையிலாவது உட்கார்ந்து ஒரு ரசீது எழுதியதுண்டா?"

"இல்லீங்க. இப்பத்தானுங்க எழுதறேன்" என்று கையிலிருந்த புத்தகத்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இதற்குக் காரணம் கல்லூரிப் பஞ்சமா? அப்படிச் சொன்னால் கோயமுத்தூர் சிரிக்கும். அரசினர் கலைக் கல்லூரியின் வேர் 1852-க்குப் போகிறது. விவசாயக் கல்லூரி சைதாப்பேட்டையிலிருந்து 1906-ல் இங்கே வந்து, 1971-ல் பல்கலைக்கழகமாகவே உயர்ந்தது. 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி, 1956-ல் சி.ஐ.டி., 1982-ல் பாரதியார் பல்கலைக்கழகம். அதற்குப் பிறகு வந்தவற்றை எண்ணப் புறப்பட்டால் கட்டுரை முடியாது. 2021-22-ஆம் ஆண்டு மத்திய அரசின் கணக்கெடுப்பில், கல்லூரி வயதுடையோர் தொகையோடு ஒப்பிட்ட உயர்கல்விச் சேர்க்கை இந்தியாவுக்கு நூற்றுக்கு 28 என்றால், தமிழ்நாட்டுக்கு 47. பெருமைப்பட வேண்டிய விஷயந்தான், நானும் பெருமைப்படுகிறேன். ஆனால் உள்ளே எத்தனை பேர் போனார்கள் என்று மார்தட்டுகிற நாம், வெளியே வந்தவர் கையில் என்ன இருந்தது என்று கேட்க ஏன் கூசுகிறோம்?

மற்ற ஊர்க்காரர்கள் கேட்காவிட்டால் மன்னிக்கலாம். கோவைக்காரர்கள் கேட்காமலிருப்பதை மன்னிக்க முடியாது. ஏனென்றால் இந்தக் கேள்வி பிறந்ததே இந்த ஊரில்தான்.

கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி. நாயுடு, பள்ளிக்கூடத்தை அதிகம் கண்டவர் அல்லர். ஒரு மோட்டார் சைக்கிளின் மேல் ஆசை கொண்டு, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை வாங்கிக் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டியதுதான் அவருடைய சர்வகலாசாலை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்குமிடையே ஒற்றை பஸ்ஸை ஓட்டித் தொழிலைத் தொடங்கினார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்நாட்டின் முதல் மின்சார மோட்டாரைச் செய்தார். பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்து சில வருஷங்களே ஆகியிருந்த சமயம் அது. கிணற்றடியில் கவலை ஓட்டிக்கொண்டிருந்த கொங்கு நாடு பம்பு செட்டுக்கு மாறியதற்கும், ஊரெல்லாம் பட்டறை முளைத்ததற்கும் அந்த மோட்டாரும் ஒரு காரணம்.

அப்பேர்ப்பட்டவர் 1945-ல் ஆர்தர் ஹோப் பெயரில் ஒரு பொறியியல் கல்லூரி உருவாக முன்னின்றார், முதல்வராகவும் இருந்தார். தடாகம் சாலையில் இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்று இருப்பது அதுதான். பதவியில் உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா? நான்கு வருஷப் படிப்பு வீண், இரண்டு வருஷம் போதும் என்றார். சர்க்கார் ஒப்பவில்லை. அவர் ராஜிநாமா செய்துவிட்டுப் போய்விட்டார். கல்லூரி நிலைத்தது; கேள்வி வெளியே போயிற்று. இன்றுவரை அது உள்ளே திரும்பவில்லை.

நாயுடு சொன்னது முழுக்க முழுக்கச் சரி என்று நான் வாதாட வரவில்லை. இரண்டு வருஷத்தில் பாலம் கட்டக் கற்றுக்கொண்டவர் கட்டிய பாலத்தின் மேல் நடக்க எனக்குந்தான் தயக்கம். ஆனால் அவர் கேள்வியின் உட்கருத்து வேறு: 'ஒரு பிள்ளையின் வாழ்நாளில் இத்தனை மாதத்தை எடுத்துக்கொள்கிறாயே, ஒவ்வொரு மாதத்துக்கும் என்ன கொடுக்கிறாய்?' பொறியியலுக்கே இந்தக் கேள்வி பொருந்துமென்றால், வியாபாரம் கற்றுக் கொடுக்கிறேன் என்று பணம் வாங்குகிறவரிடம் இதைக் கேட்காமல் விடலாமா?

பட்டறையும் பள்ளியும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1926-ல் பீளமேட்டுச் சகோதரர்கள் நால்வர், தங்கள் தகப்பனார் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் சொத்தை நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. அந்தத் தர்மத்தில் கல்லூரிக்கு இருபத்தைந்து வருஷம் முன்னதாகவே தொழிற்கூடம் வந்துவிட்டது. முதலில் பட்டறை, பிறகு வகுப்பறை! இன்று முளைக்கிற நிர்வாகக் கல்லூரிகளில் பல, முதலில் வளைவு வாசல், பிறகு விளம்பரம், அப்புறம் முடிந்தால் வாத்தியார் என்ற வரிசையில் அல்லவா வருகின்றன?

வெளிநாட்டைப் பார் என்பார்கள். பார்ப்போமே. 1961-ல் அகமதாபாத்தில் இந்திய நிர்வாகவியல் நிறுவனம் ஹார்வர்டின் துணையோடு வந்தபோது, அங்கிருந்து ஒரு முறையும் வந்தது. நிஜமான ஒரு கம்பெனிக்கு வந்த நிஜமான சிக்கலை வகுப்பில் வைத்து, 'நீ முதலாளியாக இருந்தால் என்ன செய்வாய்?' என்று கேட்கிற முறை. நல்ல முறை. நம்மவர்கள் அதிலே முறையை விட்டுவிட்டு அமெரிக்கக் கம்பெனிகளின் கதையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் நொய்யலைக் கெடுத்த திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அன்று ராத்திரி ஒரு பட்டறைக்காரர் யாரைப் போய்ப் பார்த்திருப்பார்? ஏற்றுமதி ஆர்டரை எப்படிச் சமாளித்தார்? ஆறு கெட்ட கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது? இதைவிடப் பெரிய பாடம் எந்தப் பாஸ்டன் நகரத்தில் கிடைக்கும்? காந்திபுரத்திலிருந்து பஸ் ஏறினால் போதும்.

இங்கே ஒரு நண்பர் என்னை மடக்குவார்: "பட்டறையில் பழகிக் கற்றதெல்லாம் யார்? மாமன் பட்டறை வைத்திருந்தால் மருமகன் பழகலாம். அண்டை அயலில் யாருமில்லாத கூலிக்காரன் பிள்ளை எந்தப் பட்டறைப் படியில் ஏறியிருப்பான்? அவனுக்குப் பட்டம் ஒன்றுதானே வாசல்!"

நியாயமான பேச்சு. தலை வணங்குகிறேன். பழைய முறையில் உறவும் சாதியும் வாசலில் காவல் நின்றது உண்மை. ஆகையால்தான் கல்லூரியை மூடு என்று நான் சொல்லவில்லை. அந்தப் பிள்ளைக்கு அது ஒன்றே வாசல் என்றால், வாசலுக்கு அப்பால் வீடு இருக்க வேண்டாமா? மாமன் இருக்கிற பையன் பட்டம் வாங்கிக்கொண்டு மாமன் கடைக்குப் போய்விடுவான். படிப்பு வெறுமையாக இருந்தாலும் அவனுக்கு நஷ்டமில்லை. முக்கால் ஏக்கரா விற்ற வீட்டுப் பையன்தான் மாட்டிக்கொள்கிறான்.

என்ன செய்யலாம்? மூன்றே காரியம்.

முதலாவது, கணக்கு. வியாபாரம் கற்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும் வருஷா வருஷம் வாசலில் ஒரு பலகை வைக்கட்டும். வாங்கிய கட்டணம் எவ்வளவு, சேர்ந்தவர் எத்தனை பேர், ஒரு வருஷம் கழித்து வேலையில் இருப்பவர் எத்தனை பேர், நடுவில் நிற்கிறவர் வாங்குகிற சம்பளம் என்ன. ஒரே ஒரு பையனுக்குக் கிடைத்த பெரிய சம்பளத்தைப் பலகையில் போடுவது கணக்கல்ல; லாட்டரிச் சீட்டு. கணக்குப் பாடம் நடத்துகிறவரே கணக்குக் காட்ட மறுத்தால் அதற்கு என்ன பெயர்?

இரண்டாவது, படிப்பில் பாதிக் காலம் கடையிலும் ஆலையிலும் கழியட்டும், உதவித்தொகையோடு. ஜெர்மனி 1969-ல் சட்டமே செய்து பள்ளியையும் பட்டறையையும் இணைத்தது. நமக்கும் 1961-லேயே தொழிற்பழகுநர் சட்டம் உண்டு. 2014 திருத்தம் பொறியியல் படிக்காத பட்டதாரிக்கும் அதைத் திறந்துவிட்டது. 30 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து பேர் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்பது விதி. 'ஆள் கிடைக்கவில்லை' என்று மேடைதோறும் அழுகிற முதலாளிமார்கள், உறவுக்காரர் அல்லாத ஒரு பிள்ளைக்குப் பேரேட்டைத் திறந்து காட்டியதுண்டா என்று தங்கள் மனசாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

மூன்றாவது, சர்க்கார் வைத்திருக்கிற உதவியைப் பாடத்துக்குள் கொண்டுவர வேண்டும். படித்தவர் தொழில் தொடங்க 2012-13-ல் வந்த நீட்ஸ் திட்டம் திட்டச் செலவில் நூற்றுக்கு 25 மானியம் தருகிறது. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 2023-ல் வந்த அண்ணல் அம்பேத்கர் திட்டம் 35 தருகிறது. நம் வசூல்காரத் தம்பிக்கு இவற்றின் பெயர்கூடத் தெரியாது. ஒரு திட்ட அறிக்கை எழுதி, மாவட்டத் தொழில் மையத்துக்கு எடுத்துப்போய், வங்கி மேலாளர் கேட்கிற குறுக்குக் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்வதே கடைசிப் பரீட்சையாக இருக்கட்டுமே! லாபத்துக்கு இலக்கணம் எழுதுவதைவிட அது மேல்.

2025 அக்டோபரில் அவினாசி ரோட்டில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை பத்து கிலோமீட்டர் மேம்பாலத்தைத் திறந்தார்கள். செலவு ரூ.1,791 கோடி. ஜி.டி. நாயுடுவின் பெயரை வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான். அந்த ரோட்டில் போகிறவர்களின் நிமிஷங்களை மிச்சப்படுத்துவதற்காக அவ்வளவு பணத்தையும் மகிழ்ச்சியோடு செலவழித்தோம். பாலத்துக்குக் கீழே, இருபுறமும் கல்லூரிகள். அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் வருஷங்களை மிச்சப்படுத்து என்று சொன்னதற்காகத்தான் அந்த மனிதர் பதவியை விட்டுப் போனார். அவர் பெயருக்குப் பாலம் கட்டியாகிவிட்டது. அவர் கேள்விக்குப் பதில் எப்போது?