குழந்தையின் நோவை அளக்கும் கோல்

“தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்” என்பது முதுமொழி. தனக்கு வந்ததைச் சொல்லவும் அஞ்சும் சிறுவனின் நோவைப் பிறர் அறிவதெங்ஙனம்?

பல்லேகலையில் என் அயலிலுள்ள மாணவன் ஒருவனுக்குக் குடல்வளரியை அகற்றும் சத்திரசிகிச்சை நடந்தது. காணச் சென்றேன். தாதி, “வலிக்குதா?” என வினவினார், இல்லையென்று தலையசைத்தான். அவர் அகன்றதும் என் காதில், “வலிக்குது சார், சொன்னா இன்னொரு ஊசி போடுவாங்க” என்றான். அன்று தொட்டு இவ்விடயம் என் உள்ளத்தை விட்டகலவில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பின் எழும் நோவைத் தணிக்க, ஓரிடத்தை மட்டும் விறைக்கச் செய்யும் முறைகள் சில உள. பிள்ளை மயக்கத்திலிருக்கும்போதே இவற்றைச் செய்வதால் ஊசியை அவன் அறியான். காயத்தின் விளிம்பில் விறைப்பு மருந்தேற்றுவது முதல் முறை. எளியது, செலவு குறைந்தது. முதுகின் அடியில், வாலெலும்பருகே ஏற்றுவது இரண்டாவது. சிறு குழந்தைகட்கு ஏற்றதாயினும், கால் தளர்தலும் சிறுநீர் தடைப்படுதலும் நேரலாம். ஸ்கான் திரையைப் பார்த்தவாறு வயிற்றுச் சுவரின் உட்தசைகளிரண்டின் இடையே செலுத்துவது மூன்றாவது. இது சுவரின் நோவைத் தணிக்குமேயன்றி உள்ளுறுப்பின் நோவைத் தணியாது.

இவற்றுள் எது சிறந்தது? வயிற்றைத் திறந்து செய்யும் சிகிச்சையில், மூன்றாம் முறையால் மார்பின் மருந்தின் தேவை ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்ததென 2010 இல் வெளியான ஆய்வொன்று கண்டது. சிறு துளையிட்டுச் செய்யும் சிகிச்சையிலோ, காயத்தில் மருந்தேற்றியபின் இதனையுஞ் சேர்ப்பதாற் பெரும்பயனில்லையென 2011 இல் மற்றோராய்வு கூறிற்று. ஆதலின், முறையின் புதுமையன்று, வெட்டின் தன்மையும் பிள்ளையின் வயதுமே தெரிவைத் தீர்மானிக்க வேண்டும். புதுக்கருவி இல்லையென்று எளிய முறையையுங் கைவிடுதல் நியாயமாகாது.

எனினும், எம்மருந்தின் வலுவும் சில மணி நேரத்தில் ஓயும். அப்பால் நோவை அளக்கும் கோல் பிள்ளையின் சொல்லே. குத்துகிறது, எரிகிறது, உளைகிறது, கடுக்கிறது, இழுக்கிறது எனத் தமிழ்ப் பிள்ளையிடம் எத்தனை சொற்கள்! சிங்களமும் தமிழும் அருகருகே வாழும் கண்டியில், அவன் மொழியிலேயே அவனை வினவுதல் வேண்டும். சொல் வராத மழலைக்கு முகப்படங்களைக் காட்டலாம். நோவென்றால் ஊசியென்பதில்லை, குடிக்கும் மருந்தும் உண்டென்று முன்னரே கூறி அவனைத் தேற்றலும் வேண்டும்.

1867 இலேயே ‘இரணவைத்தியம்’ எனும் சத்திரநூலைத் தமிழில் தந்தவர் மானிப்பாயில் பணியாற்றிய வைத்தியர் கிறீன். கற்பிக்கப் போதிய தமிழ், கட்டிலருகே நின்று வினவப் போதாதா?

வைத்தியராய் விளங்கும் பழைய மாணவர்காள்! அடுத்த முறை ஒரு சிறுவன் “இல்லை” என்று தலையசைத்தால், ஒருகணம் நின்று மீண்டுங் கேளுங்கள். பெற்றோரே! சத்திரசிகிச்சைக்கு முன்னரே, “பிள்ளையின் நோவுக்கு என்ன செய்வீர்கள்?” என்று வைத்தியரைக் கேட்க நாணாதீர்கள்.