தன் கையால் இடித்த வண்டி

மண்ணூர்பேட்டை சென்னையின் மேல்பால், திருவள்ளூர் நெடுஞ்சாலையை அடுத்து, அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கும் பாடிக்கும் அணித்தாக அமைந்த ஊர். மோட்டார் வண்டிக்கு வேண்டிய உறுப்புக்களைச் சமைக்கும் ஆலைகள் அதன் சுற்றுப்புறத்தே உள. ஆயினும் ஊரின் உட்டெருக்கள் வீட்டிற்கொரு கார் நிற்கும் காலத்தை எண்ணி வகுக்கப்பட்டவை அல்ல. ஆகலின், நெடுஞ்சாலையில் வண்டிகள் அடிபடுவது ஒருபுறமிருக்க, தம் வீட்டு வாயிற்றூணிலும் தெருமுனை மின்கம்பத்திலும் அவை உராய்வது ஈண்டு நாடோறும் காணும் காட்சியாம். இடித்தவரும் இழந்தவரும் ஒருவரேயாதலின் வாய்ச்சண்டைக்கு இடமில்லை. அதன் பின்னர் நிகழ்வதே யாம் எழுத எடுத்துக்கொண்ட பொருள்.

வண்டி பட்டறைக்குச் செல்கின்றது. டிங்கரிங் மேஸ்திரி பம்பரைத் தட்டிப் பார்த்து, "இன்ஷூரன்ஸ் இருக்கிறதா?" என வினவுகின்றார். இருக்கிறதெனின் அடுத்து வரும் மொழி இது: "தூணில் இடித்தேன் என்று எழுதாதீர்கள், சார். மாடு குறுக்கே வந்தது, திருப்பினேன், சுவரில் பட்டது என்று எழுதுங்கள்." இம்மாடு எவர் தொழுவத்தது என்பதை இதுகாறும் எவரும் அறிந்திலர். இன்ஷூரன்ஸ் தாள்களில் மேயும் மாடுகள் யாவும் உயிர்பெற்று அம்பத்தூருக்குள் நுழையுமாயின் பால் விலை பாதியாகிவிடும் என்பது எம் கருத்து.

இதன்கண் நகைப்பிற்குரியது யாதெனின், அம்மாடு வேண்டுவதேயில்லை. முழுக் காப்புப் பாலிசியில் சொந்த வண்டிக்குரிய பகுதி, புறப்பொருளால் தற்செயலாய் நேரும் ஊற்றை ஏற்கின்றது. ஓட்டியவர் சற்றுக் கவனம் பிசகினார் என்பது ஒன்றே கொண்டு அதனை மறுப்பதில்லை. மது அருந்தி ஓட்டுதல், உரிமமின்றி ஓட்டுதல், சொந்த உபயோகத்திற்கெனக் காப்புப் பெற்ற வண்டியை வாடகைக்கு விடுதல் என்பனவே மறுப்பிற்கு வழியாவன. எனவே மெய்யுரைத்தாற் கிடைக்கும் பணத்தைப் பொய்யுரைத்து ஐயத்திற்கு உள்ளாக்குகின்றார்கள். இன்ஷூரன்ஸ் முழு நம்பிக்கையின்மேல் நிற்கும் உடன்படிக்கை. தாளிற் கையொப்பமிடுபவர் மேஸ்திரியல்லர், உடையவரே. சென்ற ஆண்டுக் கீறலையும் இன்றைய இடியோடு சேர்த்துவிடலாம் என்னும் யோசனையும் இத்தகையதே. பழங்கீறலிற் படிந்த துருவைச் சர்வேயர் அறியார் என எண்ணுவது அவர் தொழிலை இகழ்வதாகும். திருவள்ளுவர் வாய்மைக்குத் தனியே ஓர் அதிகாரம் வகுத்தமையை வகுப்பறையில் விரித்துரைக்கும் யாம், கிளெயிம் தாளை அவ்வதிகாரத்திற்குப் புறம்பாக வைத்தல் பொருந்துமோ?

இனி, அத்தாளை எழுதத்தான் வேண்டுமா என்பது வேறு வினா. சட்டம் கட்டாயமாக்கியது பிறர்க்கு நேரும் கேட்டிற்குரிய காப்பை மாத்திரமே. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வண்டிச் சட்டத்தில் விதிக்கப்பட்ட இக்கட்டாயம் 1946-இல் நடைமுறைக்கு வந்து, 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நிலைபெற்றது. சொந்த வண்டியின் சேதத்திற்குரிய காப்பு அவரவர் விருப்பம். 2019 செப்டம்பர் முதல் அதனைத் தனிப் பாலிசியாகவும் பெறலாம். விரும்பிப் பெற்றதாகலின் அதனைப் பயன்படுத்தாதிருப்பது நட்டம் எனப் பலர் கருதுகின்றனர். கணக்கு அவ்வாறு கூறவில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கொள்வோம். பம்பர் உடைந்தது, புதியது 6,000 ரூபாய், பெயிண்டிங் 4,000, பொருத்தும் கூலி 1,000, ஆக 11,000 ரூபாய். பம்பர் பிளாஸ்டிக்காதலின் தேய்மானமெனப் பாதி கழிய 3,000 வரும். பெயிண்டிங் தொகையில் கால்பங்கு வண்ணப்பொருளின் விலையெனக் கொண்டு அதிற் பாதி கழிப்பர், வருவது 3,500. கூலி முழுமையும் வரும். இவற்றின் கூட்டுத் தொகையாகிய 7,500-இல், 1,500 சி.சி.க்கு மேற்படாத கார் ஆயின், உடையவர் ஏற்கவேண்டிய கட்டாயக் கழிவு 1,000. கைக்கு வருவது 6,500 ரூபாய்.

இதன் எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். கிளெயிம் செய்யாத ஆண்டுகளுக்கு நோ கிளெயிம் போனஸ் முறையே 20, 25, 35, 45, 50 விழுக்காடு என ஏறிச் செல்லும்; ஒரு கிளெயிம் செய்யின் மறுமுறை புதுப்பிக்கும்போது அது சுழியத்திற்கு இறங்கும். சொந்தச் சேதத்திற்குரிய பிரீமியம் 12,000 ரூபாய் என்றும், உடையவர் இப்போது 35 விழுக்காட்டில் நிற்கின்றார் என்றும் கொள்க. வாளாவிருப்பின் அடுத்த ஆண்டு 6,600, அதன் பின் 6,000 செலுத்துவர். கிளெயிம் செய்யின் 12,000, 9,600, 9,000 எனச் செலுத்த வேண்டும். முதல் மூன்றாண்டிலேயே மிகைச்செலவு 12,000 ரூபாய் ஆயிற்று. பழைய படியை மீண்டும் எட்டுமுன் இன்னும் 2,400 சேரும். வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதாற் பிரீமியமும் குறைந்து இத்தொகை சற்று இறங்கும். அங்ஙனம் இறங்கினும் 6,500-க்காக இதனை இழப்பது வாணிகமாகாது. தேய்மானம் கழியாத காப்பையோ, போனஸைக் காக்கும் தனிக் காப்பையோ மேற்பணம் கொடுத்துப் பெற்றிருப்பின் கணக்கு மாறும். பாலிசியை எடுத்து வாசித்தல் வேண்டும். வாசிப்பவரை யாம் அரிதாகவே கண்டிருக்கின்றோம்.

இடி பெரிதாயின் தயங்குதல் தகாது. ரேடியேட்டர் ஒழுகினாலும், சக்கரம் கோணினாலும், முன்பக்கத்துச் சட்டம் மடங்கினாலும் வண்டியை நின்ற இடத்திலேயே நிறுத்திப் படமெடுத்துக் கம்பெனிக்கு அறிவித்தல் வேண்டும். பழுது நீக்காது ஓட்டிச் சென்று சேதம் மிகுமாயின் அம்மிகுதி உடையவர் தலையில் விழும் என்பது பாலிசியின் நிபந்தனை. சர்வேயர் பார்க்குமுன் பட்டறையார் பிரித்துப் போடவும் இடங்கொடுத்தலாகாது. செப்பனிடும் செலவு, பாலிசியிற் குறித்த வண்டி மதிப்பின் 75 விழுக்காட்டை மிஞ்சுமாயின் முழு இழப்பெனத் தீர்ப்பர்.

இந்நிபந்தனையின் கூர்மையை எம் பகுதியார் வெள்ளத்திற் கண்டனர். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் கொரட்டூரும் நீரில் நின்றன. நீருள் நின்ற கார் அத்துணைக் கெட்டதன்று. நீர் வடியுமுன் சாவியைத் திருகியதே பெருங்கேடு. காற்றுக் குழாய் வழியே சிலிண்டருட் புகுந்த நீரைப் பிஸ்டன் அமுக்க முயல்கின்றது. நீரோ அமுங்காது; கனெக்டிங் ராடு வளைகின்றது. வெள்ளத்தால் வந்த ஊற்றை ஏற்கும் கம்பெனியார், இதனைப் பின்விளைவான நட்டமென்று கூறி, இன்ஜினுக்கெனத் தனிக்காப்புப் பெறாதவரை மறுத்துவிடுவதுண்டு. ஒரு திருகலால் வண்டியை இடித்தவரினும் மிகுதியாக இழந்தார்கள். மறுப்பு முறையற்றதெனத் தோன்றின், முதலிற் கம்பெனிக்கு எழுதி, ஒரு திங்களுள் தக்க விடை வாராவிடின், சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இதுகாறும் உடையவரே ஓட்டும் வண்டியைப் பற்றிக் கூறினோம். தொழிற்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் வாடகைக் கார்களின் நிலை வேறு. அங்கே இடித்தவர் சம்பளத்திற்கு ஓட்டும் டிரைவர், வண்டி முதலாளியுடையது. பட்டறைச் செலவைக் கம்பெனியிடம் பெற்றுக்கொண்டு, அதே செலவை டிரைவரின் சம்பளத்திலும் திங்கள் தோறும் பிடிக்கும் முதலாளிமார் உண்டென்பதை யாம் எம் தெருவிலேயே அறிவோம். அவ்வோட்டுநரிற் பலர் பாலிசியைக் கண்ணாலும் கண்டிலர். கம்பெனி எவ்வளவு கொடுத்தது எனக் கேட்கவும் அஞ்சுகின்றனர். ஒரே இழப்பிற்கு இருமுறை ஈடு பெறுதல் எந்த அறத்தின்பாற்படும் என எமக்கு விளங்கவில்லை. கட்டாயக் கழிவையும் தேய்மானத்தையும் தவிர முதலாளிக்கு இழப்பு யாது? அவ்விரண்டினையும் ஓட்டியவரிடம் வாங்குதல் முறையோ என்பதே வாதிக்கத்தக்கது. எம் கல்லூரியிலிருந்து சென்று இத்தகைய வண்டிகளை நடத்தும் பழைய மாணவர் இதனை வாசிப்பாராயின், டிரைவர் வேலைக்குச் சேரும் நாளிலேயே பாலிசியின் நகல் ஒன்றை அவர் கையிற் கொடுப்பாராக. வண்டி அடிபட்டபோது சர்வேயரின் கணக்கையும் அவருக்குக் காட்டுவாராக.