ஒரே எக்ஸ்ரே, இரண்டு பதில்



போன மாதம் வாசற்படியில் கால் பிசகி என் வீட்டம்மாவுக்குக் கணுக்கால் எலும்பு முறிந்தது. திண்டிவனத்தில் ஒரு டாக்டர் மாவுக்கட்டு போதும் என்றார். விழுப்புரத்தில் இன்னொருவர் அதே எக்ஸ்ரேயைப் பார்த்து ஆபரேஷன் என்றார். "காசு பிடுங்கப் பாக்குறாங்க மாமா" என்று மச்சான் குதித்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே கட்டுரைக்கு நான் ஏழு மார்க் போட, பக்கத்து மேசை ஆசிரியர் ஐந்து போட்டதில்லையா?

வெளிப்பக்க எலும்பு மூட்டு மட்டத்துக்குக் கீழே உடைந்தால் ஏ, மட்டத்திலேயே என்றால் பி, மேலே என்றால் சி. இது வெபர் முறை. இதில் டாக்டர்கள் ஓரளவு ஒத்துப்போகிறார்கள். பாதம் எந்தப் பக்கம் திரும்பி உடைந்தது என்று ஊகிக்கும் லௌகே ஹான்சன் முறையில்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது.

சிக்கல் பி வகையில். 'பி' என்று இருவரும் சொன்னாலும், மூட்டு உறுதியாக இருக்கிறதா என்பது படுத்தபடி எடுத்த படத்தில் சரியாகத் தெரியாது. அதனால் டாக்டரைத் திட்டாமல், "மூட்டு விலகுமா சார்? நிற்க வைத்து ஒரு படம் எடுக்கலாமா?" என்று கேளுங்கள். நான் கேட்டேன். விழுப்புரத்து டாக்டர் எடுத்துப் பார்த்தார். உள்பக்க இடைவெளி விரியவில்லை. "கட்டே போடலாம் சார்" என்றார் அவரே.

மச்சான் இன்னும் நம்பவில்லை.