காய்ச்சல் வராத பையனின் லீவ் லெட்டர்

போன மாதம் ஒரு சாயங்காலம், ஏழாவது படிக்கும் பையன் ஒருவன் என் வீட்டு வாசலில் உட்கார்ந்து லீவ் லெட்டர் எழுதினான். மறுநாள் காலையில் வகுப்பில் கொடுக்க வேண்டியது. பேனா எங்கேயும் நிற்கவில்லை. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கி, 'யுவர்ஸ் ஒபீடியண்ட்லி' வரை இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டான். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை.

"காய்ச்சலாடா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"இல்ல மிஸ். தண்ணி லாரி வந்துச்சி. அம்மா வேலைக்குப் போய்ட்டாங்க. நான்தான் புடிச்சி வச்சேன்."

"அதையே எழுத வேண்டியதுதானே?"

"அதுக்கு இங்கிலீஷ் தெரியாது மிஸ்."

ஆறு வருடமாக இங்கிலீஷ் படிக்கிற பிள்ளை சொன்ன பதில் அது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த லெட்டரைப் பல ஆண்டுகள் வகுப்புப் பலகையில் எழுதிப்போட்டு, நோட்டில் இறக்கிக்கொள்ளச் சொன்ன ஆசிரியை நான். பெண் பிள்ளைகள், ஆண் பிள்ளைகள், அக்கா கல்யாணத்துக்குப் போனவர்கள், பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர்கள், எல்லோருக்கும் நாங்கள் கொடுத்தது ஒரே காய்ச்சல்தான்.

நான் கோலார் தங்கவயலின் கோரமண்டல் லைன் வீட்டில் பிறந்தவள். அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் டிம்பர்மேன். பாறை சரியாமல் பூமிக்கடியில் மரக்கட்டைகளை முட்டுக்கொடுக்கிற வேலை. மூன்றாவதுக்கு மேல் படிக்காதவர். ஆனால் ஃபோர்மேனாக இருந்த ஆங்கிலோ இந்தியரிடம் நின்று நிதானமாக இங்கிலீஷ் பேசுவார். ஷிப்டு, கேஜ், ஷாஃப்ட் என்று எங்கள் வீட்டில் புழங்கிய சொற்களை அவர் எந்தப் புத்தகத்திலும் பார்த்தது கிடையாது. பாறை வெடித்துச் சிதறுவதை 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டால் தெருவே வெளியே ஓடிவரும். காதில் விழுந்ததை வாயில் வாங்கி, தப்பாகச் சொல்லி, திருத்திக்கொண்டு, மறுபடி சொன்ன இங்கிலீஷ் அது. எழுத வராது. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்ல வரும்.

அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இன்று இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறார்கள். எழுத வருகிறது. சொல்ல வேண்டியதைச் சொல்ல வரவில்லை.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடியதிலிருந்து தங்கவயலின் சோறு பெங்களூரில்தான் இருக்கிறது. மாரிக்குப்பத்தில் கிளம்பும் ரயிலில் சாம்பியனிலும் உரிகத்திலும் கோரமண்டலிலும் ஏறி, ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போய் உழைத்துவிட்டு இருட்டியபின் திரும்புகிறார்கள். அந்தப் பயணத்தின் களைப்பிலும் பிள்ளைக்கு இங்கிலீஷ் மீடியம் ஃபீஸ் கட்டுகிற அம்மா அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர்கள் கணக்கு சரி. அந்தக் காசுக்குப் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

அந்தப் பையனிடம் திரும்ப வருகிறேன். "பிழை வந்தால் வரட்டும், நடந்ததை எழுது" என்றேன். அரை மணி நேரம் ஆனது. ஐந்து வரி வந்தது. தமிழ் எழுத்தில் அப்படியே தருகிறேன்: 'யெஸ்டர்டே வாட்டர் லாரி கம். மை மதர் கோ வொர்க். வெயிட் ஒன் அவர். ஃபில் ஃபோர் பக்கெட். மிஸ் த ஸ்கூல்.'

இதைப் பார்த்துச் சிவப்பு மையை எடுக்கிறவர்கள் ஒரு நிமிடம் பொறுங்கள். காய்ச்சல் லெட்டரில் அவனுக்குத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன என்று எந்த ஆசிரியராலும் கண்டுபிடிக்க முடியாது. இந்த ஐந்து வரியில் எல்லாமே மேலே வந்து நிற்கிறது.

யார் ஒரு மணி நேரம் காத்திருந்தது? அவன் எழுதவில்லை. சோம்பல் இல்லை அது. 'காத்திருந்தேன்' என்றால் அதிலேயே 'நான்' இருக்கிறது. தமிழ் வினைக்கு வால் உண்டு. வந்தேன், வந்தான், வந்தாள், வந்தார்கள் என்று ஆளை அந்த வாலே சொல்லிவிடும். இங்கிலீஷ் வினைக்கு அந்த வால்கள் உதிர்ந்துபோய், 'ஹி கம்ஸ்', 'ஷி கோஸ்' என்பதில் வருகிற ஒரே ஒரு 'ஸ்' மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வால் இல்லாததால் 'ஐ' என்பதை முன்னால் நிறுத்தியே தீர வேண்டும். இப்படிச் சொன்னதும் பையன் தானாகவே மூன்று இடத்தில் 'ஐ' போட்டான். 'சப்ஜெக்ட் போடு' என்று நான் வருடக்கணக்கில் கத்தியும் ஏறாத விஷயம்.

பிறகு காலம். 'ஃபில்' என்பதை நேற்றுக்கு மாற்றச் சொன்னால் 'ஃபில்லெட்' என்று வாசித்தான். எழுத்தைப் பார்த்து வாசிக்கிற எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் வாசிக்கும். நான் சொல்லிக் காட்டினேன்: ஃபில்ட், மிஸ்ட், வெயிட்டட். எழுதும்போது மூன்றுக்கும் ஒரே இரண்டெழுத்து வால். ஒலிக்கும்போது முதலாவதற்கு மெல்லிய 'ட்', இரண்டாவதற்கு வல்லிய 'ட்', மூன்றாவதற்கு மட்டும் தனி அசை. ட-ஒலியில் முடியும் சொல்லுக்கு இன்னொரு ட-ஒலியை ஒட்ட முடியாது, அதனால் நடுவில் ஓர் உயிர் வந்து உட்கார்கிறது. கேட்டுச் சொல்லிப் பார்த்தபின் பத்து நிமிடத்தில் அவனுக்குப் பிடிபட்டது. மூன்று ஒலிக்கும் உதாரணம் அவனுடைய தண்ணி லாரிக்குள்ளேயே இருந்தது.

'பக்கெட்' என்ற சொல்லை 'பென்சில்' என்பதில் வரும் எழுத்தைப் போட்டுத் தொடங்கியிருந்தான். தமிழில் இரண்டு ஒலிக்கும் ஒரே 'ப'. "இதைக் கன்னடத்தில் எழுது" என்றேன். சரியான 'ப'வைச் சட்டென்று எழுதினான். கன்னடத்தில் அந்த இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து. க-ஒலிக்கும் அப்படியே, த-ஒலிக்கும் அப்படியே. தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இல்லாத சாவி நம் பிள்ளையின் கையில் இருக்கிறது. அதைத் திருப்பிக் காட்ட ஆள்தான் இல்லை. கன்னட மிஸ் ஓர் அறையில், இங்கிலீஷ் மிஸ் ஓர் அறையில். தமிழுக்கு அறையே இல்லாத பள்ளிகள் நம் ஊரில் பெருகிவிட்டன.

தமிழும் அப்படித்தான் உதவும். 'புக்கு', 'பக்கெட்டு', 'பஸ்ஸு' என்று பிள்ளைகள் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்துவிடுவதை மட்டமான பழக்கம் என்று அதட்டுகிறோம். வல்லின மெய்யில் தமிழ்ச் சொல் முடியாது; பாட்டு, காசு என்பது போலக் குற்றியலுகரம் வந்து தாங்கும். அந்தப் பழக்கத்தில் வருவது அது. காரணம் தெரிந்த பிள்ளை வெட்கப்படாமல் திருத்திக்கொள்ளும். 'எ', 'ஆன்' குழப்பத்துக்கும் மருந்து வீட்டிலேயே இருக்கிறது: ஒரு வீடு, ஓர் ஊர். ஒலியைப் பார்த்துத்தான் 'ஓர்' வருகிறது என்று தெரிந்தவனுக்கு 'ஆன் அவர்', 'எ யுனிவர்சிட்டி' இரண்டும் புதிராக இருக்காது.

இதெல்லாம் நடக்கிற காரியமா, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு போர்ஷன் முடிப்பதா என்று என் பழைய தோழிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் நமக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு என்ற ஆங்கிலக் கல்வி அறிஞர் பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் பள்ளி வகுப்புகளில் ஒரு சோதனை நடத்தினார். இலக்கண விதியை முதலில் சொல்லி மனப்பாடம் செய்யவைக்காமல், ரயில் கால அட்டவணையையும் வரைபடத்தையும் கொடுத்து, எந்த வண்டியைப் பிடித்தால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்பதைப் போன்ற கேள்விகளுக்கு இங்கிலீஷிலேயே யோசித்து விடை சொல்லவைத்தார். உலகமெங்கும் ஆங்கிலம் கற்பிப்போர் இன்றும் 'பெங்களூர் ப்ராஜெக்ட்' என்று அதைப் பேசுகிறார்கள். 1987-இல் அவர் எழுதிய நூல் ஆசிரியர் பயிற்சியில் பாடமாக இருக்கிறது. ரயிலின் நேரத்தை வைத்தே பொழுதைக் கணக்குப் பண்ணுகிற நம் ஊரை விட்டால் அந்தப் பாடத்துக்குப் பொருத்தமான ஊர் வேறு எது? நம் வகுப்புகளில் நான் அதைப் பார்த்ததே இல்லை.

2023-இல் ஏசர் என்ற கல்வி ஆய்வு அமைப்பு கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் எடுத்த ஆய்வில், எளிய ஆங்கில வாக்கியங்களை வாசிக்க முடிந்தவர்கள் 57.3 சதவீதம். அப்படி வாசித்தவர்களிலும் கால்வாசிப் பேருக்கு மேல் வாசித்ததன் பொருளைச் சொல்ல முடியவில்லை. வாசிப்பது வேறு, விளங்குவது வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். ஆறு, ஏழு, எட்டாவது வகுப்புகளில் இதைச் சரிசெய்யாவிட்டால் அப்புறம் எஸ்.எஸ்.எல்.சி. வந்துவிடும். அங்கே யாருக்கும் நின்று கேட்க நேரம் இருக்காது.

நம் முன்னோர் இப்படி அடுத்தவர் சொல்லைப் பிரதி எடுத்துக்கொண்டு இருந்தவர்கள் இல்லை. அயோத்திதாசரின் 'தமிழன்' இதழை அவர் காலத்துக்குப் பின் ஜி. அப்பாதுரையார் இந்தத் தங்கவயலிலிருந்துதான் நடத்தினார். சுரங்கத் தொழிலாளிகள் காசு சேர்த்துப் படித்த, எழுதிய ஊர் இது. தன் சொல்லைத் தானே எழுதுவது நமக்குப் புதிய வித்தை இல்லை.

பெரிய திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. வாரத்தில் ஒரு பீரியட். புத்தகத்தை மூடிவிட்டு, அந்த வாரம் வீட்டில் நடந்த ஒன்றைப் பிள்ளை ஐந்து வரி எழுதட்டும். அதை எழுந்து நின்று சத்தமாக வாசிக்கட்டும். ஒரு வாரத்துக்கு ஒரே பிழையை மட்டும் எடுத்துத் திருத்துங்கள், மற்றதை அடுத்த வாரத்துக்கு விடுங்கள். பெற்றோரும் மார்க் ஷீட்டோடு அந்த ஐந்து வரியையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "என்ன எழுதியிருக்கே, தமிழில் சொல்லு" என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் அது அவன் எழுதியது.

திருத்திய லெட்டரைப் பையன் அழகாகப் பிரதி எடுத்தான். மறுநாள் வந்தபோது விசாரித்தேன். காய்ச்சல் லெட்டரைத்தான் கொடுத்தானாம். "இதைக் குடுத்தா மிஸ் திட்டுவாங்க" என்றான். தண்ணி லாரி லெட்டர் மடித்தபடி அவன் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்தது.

வகுப்பில் இருக்கிற என் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். அப்படி ஒரு லெட்டர் உங்கள் மேசைக்கு வந்தால், அதில் பத்துப் பிழை இருந்தாலும், முதலில் கையை நீட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.