ஏவியது செய்யும் பொறி

கணிப்பொறி தோன்றிய நாளில் அதனைக் கண்டு வியந்தோர் இட்ட பெயர்களுள் ஒன்று ‘மின்மூளை’ என்பது. 1940-களில் ஆங்கிலச் செய்தித்தாள்கள் அப்பொருள்படும் பெயரையே விரும்பி எழுதின. தமிழிலும் அதனை வழங்கியோர் உண்டு. பெயர் கவர்ச்சியானதுதான், ஆயினும் பிழைபட்ட பெயர். ஒரு பொருளுக்குப் பிழைபட்ட பெயர் நிலைத்துவிட்டால், அப்பொருளைப் பற்றிய எண்ணமும் பிழைபடும். இன்றும் ஒரு பட்டியலில் எண் மாறியிருந்தால், ‘கணினி தவறு செய்துவிட்டது’ என்கின்றனர். ஒரு செய்தியைப் பற்றி எவரேனும் ஐயுற்றால், ‘கணினியே சொல்லிற்று’ என்று அவர் வாயை அடைக்கின்றனர். இவ்விரு கூற்றும் ஒரே வேரினின்று கிளைத்தவை. பொறிக்கு அறிவு உண்டு என்னும் எண்ணமே அவ்வேர். அப்பொறியின் உள்ளே நிகழ்வது யாது என்பதைச் சிறிதளவேனும் அறிந்த மாணவர் இவ்விரண்டையும் கூறத் துணியார்.

கணிப்பொறியின் உள்ளே எண் இல்லை, எழுத்து இல்லை, படமும் இல்லை. மின்னழுத்தம் மிகுந்த நிலை, குறைந்த நிலை என்னும் இரண்டே உள்ளன. மிகுந்த நிலையை 1 என்றும், குறைந்த நிலையை 0 என்றும் குறித்துக்கொள்வது மாந்தர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடு. பத்து இலக்கங்களைக் கொண்டு எண்ணுதல் கைவிரல் பத்தாயிருப்பதால் வந்த வழக்கம் என்பர். இரண்டே இலக்கங்களைக் கொண்டும் எந்த எண்ணையும் எழுதலாம். பதின்ம முறையில் இடப்புறம் செல்லச் செல்ல ஒவ்வோர் இடத்தின் மதிப்பும் பத்து மடங்காகும். இரும முறையில் இரு மடங்காகும். 1, 2, 4, 8, 16 என அது வளரும். ஆகவே, அம்முறையில் 101 என்பது ஒரு நான்கும் ஓர் ஒன்றும் சேர்ந்த ஐந்து. 1101 என்பது பதின்மூன்று.

இவ்விரு நிலைகளைக் கொண்டு கூட்டல் எவ்வாறு நிகழும்? அதற்குரிய விடை பல வீடுகளின் மாடிப்படியிலேயே இருக்கிறது. படியின் கீழே ஒரு சுவிட்சும் மேலே ஒரு சுவிட்சும் இருக்க, இரண்டுக்கும் பொதுவாக ஒரு விளக்கு எரியும். விளக்கு அணைந்திருக்கையில் ஏதேனும் ஒரு சுவிட்சை மாற்றினால் அது எரியும். மற்றொன்றையும் மாற்றினால் அணையும். மாற்றாத நிலையை 0 எனவும், மாற்றிய நிலையை 1 எனவும் கொள்க. இரண்டும் 0 ஆயின், கூட்டுத்தொகை 0, விளக்கு எரியவில்லை. ஒன்று மட்டும் 1 ஆயின், தொகை 1, விளக்கு எரிகிறது. இரண்டும் 1 ஆயின், தொகை இரண்டு. அதனை இரும முறையில் 10 என எழுதுவர். அதன் வலப்புற இலக்கம் 0; விளக்கும் அணைந்துவிட்டது! மாடிப்படி விளக்கு, தான் அறியாமலே, ஒரு கூட்டற்கணக்கின் வலப்புற இலக்கத்தைக் காட்டி நிற்கிறது. இடப்புறம் எடுத்துச் செல்ல வேண்டிய 1 எஞ்சியுள்ளது. அதற்கு இரண்டு சுவிட்சுகளை ஒரே கம்பியில் அடுத்தடுத்து அமைத்து, மற்றொரு விளக்கை இணைத்தல் வேண்டும். இரண்டும் போடப்பட்டாலன்றி அவ்விளக்கு எரியாது.

இத்தகைய அமைப்புகளைத் தக்கவாறு வரிசையாக இணைத்துச் சென்றால் எத்துணைப் பெரிய எண்களையும் கூட்டலாம். கழித்தலுக்கும் இத்தகைய அமைப்பே போதும். மீண்டும் மீண்டும் கூட்டுதலே பெருக்கல். மீண்டும் மீண்டும் கழித்தலே வகுத்தல். ஜார்ஜ் பூல் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் உண்மை, பொய் என்னும் இரண்டையே கொண்ட தருக்கக் கணிதத்தை 1854-இல் ஒரு நூலாக விளக்கினார். அக்கணிதத்தைச் சுவிட்சுகளின் இணைப்பாலேயே செய்துகாட்டலாம் என்று 1937-இல் அமெரிக்க மாணவராகிய கிளாடு சானன் தம் ஆய்வேட்டில் நிறுவினார். இன்றைய பொறிகள் அனைத்தும் அவ்வடித்தளத்தின்மேல் எழுந்தவை. சுவிட்சின் உருவந்தான் மாறிற்று. 1946-இல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்னும் பொறியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் சுவிட்சுகளாய் நின்றன. 1947-இல் டிரான்சிஸ்டர் தோன்றியது. இன்று கைப்பேசி ஒன்றின் நகமளவான சில்லில் ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் அமைவதுண்டு. மாடிப்படி விளக்கைக் கண்டு, ‘இதற்கு மூளை உண்டு’ என்று எவரும் கூறார். ஆயிரம் கோடி சுவிட்சுகள் ஒன்றுகூடியவுடன் அவ்வாறு கூறத் தோன்றுவது ஏன்?

அதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. எனியாக்கிடம் ஒரு புதுக் கணக்கைத் தரவேண்டுமாயின், அதன் கம்பிகளையும் சுவிட்சுகளையும் கையால் மாற்றியமைக்க வேண்டியிருந்தது. அவ்வேலை நாட்கணக்கில் நீண்டது. கணக்கிற்குரிய எண்களைப் போலவே, செய்ய வேண்டிய கட்டளைகளையும் எண்களாக்கிப் பொறியின் நினைவகத்திலேயே வைத்துவிட்டால் என்ன என்று அறிஞர் எண்ணினர். அவ்வெண்ணத்தை முதன்முதலாக ஒரு மின்னணுப் பொறியில் நடத்திக் காட்டிய பெருமை இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தினர்க்கு உரியது. பிரெடரிக் வில்லியம்ஸ், டாம் கில்பர்ன், ஜெஃப் டூட்டில் ஆகிய மூவரும் அங்கு ஒரு சிறு பொறியை அமைத்தனர். அதற்குக் ‘குழந்தை’ எனப் பொருள்படும் செல்லப்பெயர் வழங்கிற்று. அதன் நினைவகத்தில் 32 வரிகள். வரிக்கு 32 இலக்கங்கள். ஆக மொத்தம் 1,024 இலக்கங்களே அக்குழந்தையின் நினைவு.

1948-ஆம் ஆண்டு ஜூன் 21-ஆம் நாள் அதற்கு ஒரு கணக்குத் தரப்பட்டது. 2,62,144 என்னும் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களுள், அவ்வெண் நீங்கலாக மிகப் பெரியது எது என்பதே கணக்கு. எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவரிடம் இதனைக் கேட்டால், ‘இஃது இரட்டைப்படை எண், ஆதலின் இதன் பாதியே விடை’ என்று கண்டு, அரை நிமிடத்தில் 1,31,072 என்று எழுதிவிடுவார். பொறிக்கோ பாதி என்னும் கருத்துத் தோன்றவில்லை. அதற்குத் தரப்பட்டவை கில்பர்ன் எழுதிய 17 கட்டளைகள். அவற்றின்படி, முதலில் 2,62,143 வகுக்குமா என்று பார்த்தது. வகுத்தலும் அதற்குத் தெரியாது; கூட்டலும் தெரியாது; கழித்தல் ஒன்றே தெரியும். ஆகவே, ஒவ்வோர் எண்ணையும் மீண்டும் மீண்டும் கழித்துப் பார்த்தது. வகுபடாதபோது ஒன்றைக் குறைத்து 2,62,142-க்குச் சென்றது. பின் 2,62,141-க்குச் சென்றது. இவ்வாறு ஒன்றேகால் இலட்சத்திற்கு மேற்பட்ட எண்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, ஏறத்தாழ 35 இலட்சம் செயல்களைச் செய்து, 52 நிமிடங்களுக்குப் பின்னர் 1,31,072 என்னும் விடையைக் காட்டி நின்றது. விடை அதனை அமைத்தோர்க்கு முன்னரே தெரியும். நெடுநேரம் பிழையின்றி ஓடுமா என்று காண்பதற்காகவே இவ்வளவு சுற்றுவழியை அவர்கள் வேண்டுமென்றே தந்தனர்.

அக்கட்டளைகளுள் ஒன்று கூர்ந்து நோக்கத்தக்கது. கழித்து வந்த விடை குறையெண்ணாயின், அடுத்த கட்டளையைத் தாண்டிச் செல்க என்பதே அது. பொறி ‘முடிவு செய்கிறது’ என்று காண்போர் மயங்குவது இவ்விடத்திலேதான். வழி இரண்டாகப் பிரிகிறது; பொறி ஒன்றில் செல்கிறது. ஆனால் குறையெண் என்பதைக் காட்ட ஓர் இலக்கம் 1 ஆக நிற்கிறது; அவ்விலக்கமே மின்னோட்டத்தை ஒரு வழியே திருப்பிவிடுகிறது. இரயில் தண்டவாளம் பிரியுமிடத்தில் வண்டி தானே வழியைத் தேர்ந்தது என்று எவரேனும் கூறுவரோ?

இன்றைய கணிப்பொறியும் செய்வது இதனையே. நினைவகத்திலிருந்து ஒரு கட்டளையை எடுக்கும், அஃது எச்செயலைக் குறிக்கிறது என்று பிரித்துக் காணும், அதனைச் செய்து முடிக்கும், அடுத்ததை எடுக்கும். மான்செஸ்டர்ப் பொறி ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரத்து நூறு கட்டளைகளை முடித்தது. இன்றைய பொறி பல நூறு கோடி முடிக்கிறது. வேறுபாடு விரைவிலும் அளவிலும் உள்ளதேயன்றி இயல்பில் இல்லை. அறிவு அந்த 17 வரிகளில் இருந்தது. அவற்றை எழுதியவரிடம் இருந்தது. பொறியிடம் இருந்தவை சலியாமையும் விரைவும் ஆகும். ஒரு வரியில் பிழை நேர்ந்திருப்பின், 35 இலட்சம் முறையும் அப்பிழையை அதே ஒழுங்கோடு செய்திருக்கும்.

பொறி தானாக எதனையும் தோற்றுவிக்க வல்லதன்று. ஏவத் தெரிந்ததையே அது செய்யும் என்னும் கருத்தை ஏடா லவ்லேஸ் என்னும் ஆங்கிலப் பெருமாட்டியார் 1843-லேயே எழுதி வைத்தார். சார்லஸ் பாபேஜ் திட்டமிட்டும் கட்டி முடிக்கப்பெறாத ஒரு கணிப்பொறியைப் பற்றிய குறிப்புகளில் அவர் அவ்வாறு எழுதினார். பேரறிஞர் ஆலன் டூரிங் 1950-இல் எழுதிய கட்டுரையில் இதனை மறுத்தார். பொறிகள் தம்மை அடிக்கடி வியப்பில் ஆழ்த்துகின்றன என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. டூரிங்கின் பெருமை மறுத்தற்கரியது. எனினும், நீண்ட பெருக்கற்கணக்கின் விடையும் முன்னறியாதார்க்கு வியப்பளிக்கக் கூடியதே. வியப்பு காண்போனிடம் பிறப்பது. அது கணக்கின் அறிவைக் காட்டாது.

இன்று வினவியவுடன் வாக்கியமாகவே விடை எழுதும் பொறிகள் வந்துவிட்டன. அவற்றைச் சுட்டி, மின்மூளை என்னும் பெயர் மெய்யாகிவிட்டது என்பாரும் உளர். அங்கே நிலை சற்று வேறுபடுகிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எதன்பின் எச்சொல் வருதல் தகும் என்பதை ஒருவர் வரிவரியாக எழுதித் தருவதில்லை. எண்ணிறந்த நூல்களிலும் கட்டுரைகளிலும் சொற்கள் தொடரும் வகையை எண்களாக்கி, அவ்வெண்களிலிருந்து அடுத்த சொல்லைப் பொறி கணித்தெடுக்கிறது. ஆனால் அக்கணிப்பும் பெருக்கலும் கூட்டலுமே. மெய்யான செய்தியை எழுதும் அதே இனிய நடையில் பொய்யான செய்தியையும் அது எழுதிவிடும். நடை நன்றாயிருப்பதைக் கொண்டு பொருளை நம்புவது மாந்தர் எழுத்திலேயே ஏமாற்றம் தருவது. பொறியின் எழுத்தில் சொல்ல வேண்டுவதில்லை.

எழுத்தைப் பற்றிய பேச்சு எழுந்தமையின், தமிழெழுத்து அப்பொறிக்குள் எவ்வாறு இருக்கிறது என்பதையும் காணல் தகும். எண்ணையன்றிப் பிறிதொன்றை வைக்க இயலாத நினைவகத்தில் எழுத்தும் எண்ணாகவே நுழைகிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் முறை ஒருங்குறி எனப்படும். அதன் முதற்பதிப்பு வெளிவந்த 1991-ஆம் ஆண்டிலேயே தமிழ் அதில் இடம்பெற்றது. அதில் அகரத்தின் எண் 2949. இரும முறையில் 101110000101. விசைப்பலகையில் அகரத்தைத் தட்டும்போது பொறிக்குக் கிடைப்பது அவ்வெண்ணே. அவ்வெண்ணுக்குரிய வடிவத்தை எழுத்துருவிலிருந்து எடுத்துத் திரையில் புள்ளிகளால் வரைவது மற்றொரு கட்டளைத் தொகுதியின் பணி.

இந்திய மொழிகள் பலவற்றுக்கும் பொதுவாக வகுத்த ஓர் அமைப்பைத் தழுவித் தமிழெழுத்துகளுக்கு எண் தரப்பட்டது. அதனால் ககரத்துக்கும் ஙகரத்துக்கும் இடையே மூன்று எண்கள், தமிழில் இல்லாத ஒலிகளுக்கு உரியவையாய், வெறிதே கிடக்கின்றன. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்பது இலக்கணம். ஒருங்குறியோ ககரத்தை முதலாக வைத்து, அதன்பின் புள்ளிக்குரிய எண்ணைச் சேர்த்து ‘க்’ என்பதைப் பெறுகிறது. இஃது எழுதும் வடிவைப் பின்பற்றியது, ஒலியைப் பின்பற்றியதன்று. இதனால் நிறைவுறாத தமிழறிஞர் சிலர் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண் வேண்டினர். 2010-இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு அத்தகைய முறை ஒன்றையும் ஏற்றது.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். பலா, பனை என்னும் இரு சொற்களை அகராதி வரிசையில் வைக்கச் சொன்னால், பலாவே முன்னிற்கும் என்பதைத் தமிழ் நெடுங்கணக்கு அறிந்த சிறுவரும் கூறுவர். லகரத்திற்கு நெடுந்தொலைவு பின்னே நிற்பது னகரம்; தொல்காப்பியர் கூறிய முப்பது முதலெழுத்துகளுள் இறுதியில் நிற்பதும் அதுவே. ஒருங்குறியில் நகரத்தை அடுத்தே னகரத்தை வைத்துவிட்டமையால் அதன் எண் 2985. லகரத்தின் எண் 2994. சிறிய எண் முன், பெரிய எண் பின் என்று மட்டும் கட்டளையிட்டால், பொறி பனையை முன்னே வைத்துப் பலாவைப் பின்னே தள்ளும். பதினாயிரம் பெயர்கள் கொண்ட பட்டியலாயினும் கண்ணிமைக்கும் நேரத்தில், ஒரு பெயரும் விடாமல், முறைமாற்றி அடுக்கித் தரும். கட்டளை எழுதியவர்க்கு நெடுங்கணக்குத் தெரியாவிடின் அப்பட்டியல் அவ்வாறே அச்சேறும்; ‘கணினியே அடுக்கியது’ என்னும் சான்றிதழும் உடன்செல்லும். தமிழெழுத்தின் வரிசையைத் தனியே ஓர் அட்டவணையாக எழுதி, எண்ணைப் பாராமல் அதனைப் பார்த்து அடுக்குக என்று தமிழறிந்தவர் ஒருவர் கட்டளையை மாற்றினால், அதே பொறி மறுநொடியே பலாவை முன்னே கொண்டுவரும். முன்னர்ப் பிழைத்ததற்கு அது நாணுவதில்லை. இப்போது திருந்தியதற்கு மகிழ்வதும் இல்லை.