கிராம சபையும் ஊர்க் கணக்கும்

கிராம சுயாட்சியைப் பற்றிப் பேசத் தொடங்குவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்களை எடுத்துக்காட்டாது விடுவதில்லை. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட அவை குடவோலை முறையை விரித்துரைப்பன. 30 குடும்புகளிலும் தக்கார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து, வாரியங்களுக்கு ஆள் தெரிந்தனர். முன்பு வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் விலக்கப்பட்டனர்.

இதனைப் போற்றுவோர் ஒன்றை மறக்கின்றனர். அது பிரமதேய ஊர். நிலமும் மனையும் வேதக் கல்வியும் உடைய ஆடவர் பெயரே குடத்துட் புகுந்தது. உழுதவன் பெயரும் பெண்ணின் பெயரும் புகவில்லை. ஆதலின் அவ்வமைப்பு முழுவதையும் மீட்பது நம் கருத்தன்று. கணக்குக் காட்டாதவனுக்குப் பதவியில்லை என்னும் அவ்வொரு விதியே நாம் கொள்ளத்தக்கது.

இக்காலத்தில் குடத்தின் வாய் அகன்றுள்ளது. 1992-ஆம் ஆண்டின் 73-ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் பட்டியல் வகுப்பினர்க்கும் மகளிர்க்கும் இடம் வகுத்தன. ஆயினும் ஏட்டிலுள்ள உரிமை ஊருக்குள் எளிதிற் புகவில்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில், தலைவர் பதவி பட்டியல் வகுப்பினர்க்கு ஒதுக்கப்பட்டமையால், 1996 முதல் 2006 வரை, தேர்தல் நடவாதபடியும், தேர்ந்தவர் உடனே விலகும்படியும் செய்தனர்.

சட்டத்தின் உயிர்நிலை கிராம சபையே. ஊர் வாக்காளர் யாவரும் அதன் உறுப்பினர். வரவுசெலவுக் கணக்கு அவர்கள் முன்னிலையில் வைக்கப்பட வேண்டும். ஆயினும் பல ஊர்களில் நிகழ்வது யாது? கேட்பாரின்றிக் கணக்கு வாசிக்கப்படுகிறது. கையொப்பங்கள் நிரம்பினவுடன் சபை கலைகின்றது. கேள்வி கேட்கும் கூலியாளை அடக்குவதும் எளிது. அவன் நாளைய பிழைப்பு பிறர் கையிலன்றோ உள்ளது!

கிராமத்தார்க்குக் கல்வி போதாமையே காரணம் என்பர் சிலர். அங்ஙனமாயின், கற்றோராகிய நாம் அன்று எங்கே இருந்தோம்? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களிற் கிராம சபை கூடுகின்றது. அவை நமக்கும் விடுமுறை நாட்கள். ஊரில் இருந்துகொண்டே நாம் சபைக்குச் செல்வதில்லை.

தலைவனுக்குக் கணக்கொப்புவிக்க அழைக்கப்பட்ட உக்கிராணக்காரனின் உவமையை நம் கலாசாலை ஆலயத்திற் பலமுறை கேட்டிருக்கிறோம். ஊராட்சியில் அத்தலைவன் ஊர்மக்களே. தலைவன் கேளாதவிடத்து உக்கிராணக்காரனை மட்டும் நொந்து பயனென்ன? மாணவ நண்பர்காள்! அடுத்த விடுமுறையில் உங்கள் ஊர்ச் சபைக்குச் சென்று அமர்மின்; கணக்கைக் கேண்மின்; கேட்கத் துணிந்த ஏழைக்குப் பக்கத்தில் நின்மின்.