எடைக்குப் போகாத பெட்டி

டெல்லி சீலம்பூரில் பழைய கம்ப்யூட்டர்கள் பிரித்து எடைக்குப் போடப்படுகின்றன. அவற்றுள் இருக்கும் தகரப் பெட்டியை, அதாவது எஸ்.எம்.பி.எஸ்.ஸை, அப்படி விட்டுவிடுவது அநியாயம். ஏ.டி.எக்ஸ். ரகமானால் பச்சை ஒயரைக் கறுப்போடு இணைத்தால் போதும். மதர்போர்டு இல்லாமலே விசிறி சுழலும். மஞ்சளில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3. மேஜை மேல் வைத்து எலெக்ட்ரானிக்ஸ் பழகும் மாணவனுக்கு வேறென்ன வேண்டும்? (சில கம்பெனிகள் இஷ்டத்துக்கு ஒயரிங்கை மாற்றியதுண்டு. மீட்டரில் பார்த்துக்கொள்வது உத்தமம்.) சில பழைய பெட்டிகள் சுமை இல்லாவிட்டால் தடுமாறும். 5 வோல்ட்டுக்குக் குறுக்கே 10 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

வெளியே தொங்கும் ஒயர்களே போதும் என்பதால் மூடியைத் திறக்க அவசியமே இல்லை. ஆனால் ஆர்வக் கோளாறு யாரை விட்டது? வீட்டின் 230 வோல்ட், உள்ளே டி.சி.யாகும்போது சுமார் 325 வோல்ட். அதைத் தேக்கிவைக்கும் கபாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் விறைப்பாகவே இருக்கும். விரல் பட்டால் தூக்கியடிக்கும்.

இதையாவது மன்னிக்கலாம். மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மர் தருவது 2,000 வோல்ட் அளவில். தொட்டவர் பிழைப்பது அபூர்வம். அதைக் கழற்றி விளையாட நினைப்பவர்கள் தயவுசெய்து எடைக்கே போட்டுவிடுங்கள்.